இயலாமைக்கு ஓர் ஓய்வூதியம்

திருவள்ளூர் மாவட்டத்து ஆரணி, பட்டுச் சேலைக்குப் பெயர்பெற்ற ஆரணியன்று. ஆந்திரத்தில் உற்பத்தியாகி, ஊத்துக்கோட்டையைக் கடந்து, பெரியபாளையத்துப் பவானி அம்மன் சந்நிதியைத் தொட்டு, பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டை நோக்கிச் செல்லும் ஆரணியாற்றின் கரையில், விவசாயத்தையும் சிறு வியாபாரத்தையும் நம்பி வெகுகாலம் வாழ்ந்துவந்த ஒரு சிறு பேரூர் அது. கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்து, இரும்பு உருக்காலைகளும் இயந்திரப் பட்டறைகளும் இரசாயனத் தொழிற்சாலைகளும் வரிசை வரிசையாக வந்தமர்ந்த பின்னர், இவ்வூரின் ஜீவனம் பாதிக்குமேல் ஷிஃப்ட் நேரத்தை அனுசரித்து நடப்பதாகிவிட்டது. விடியற்காலையில் புதுவாயல் மார்க்கமாகக் கவரைப்பேட்டையை நோக்கிப் போகும் கம்பெனி வேன்களிலும் பஸ்களிலும் அமர்ந்திருப்பவர்களுள் நிரந்தரத் தொழிலாளரும் உண்டு, கான்ட்ராக்ட் ஆட்களும் உண்டு. அந்தப் பஸ்ஸை ஓட்டுகிறவர் அரசுப் போக்குவரத்துக் கழகத்து ஊழியராயிருப்பார். அவர்கள் எல்லோருடைய வீட்டுக்கும் விளக்கெரியக் கம்பத்தில் ஏறுகிறவர் மின்சார வாரியத்து ஊழியர்.

இந்நால்வருக்கும் ஒரே வகையான விபத்து நேர்ந்து, நால்வரும் வலது கையை இழந்துவிட்டார்கள் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். சரீரத்துக்கு நேர்ந்த நஷ்டம் ஒன்றே. குடும்பத்துக்கு நேர்ந்த கஷ்டமும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் நமது சட்டங்களும் ஓய்வூதிய நிதிகளும் இந்த நான்கு கைகளையும் வெவ்வேறு தராசுகளில் வைத்து நிறுக்கின்றன. ஒரு தராசு ‘இவருடைய உத்தியோகத்தைப் பறிக்கக்கூடாது’ என்கிறது, மற்றொன்று ‘சம்பாதிக்கும் சக்தியில் நூற்றுக்கு எத்தனை பங்கு போயிற்று’ என்று கேட்கிறது, மூன்றாவது ‘முழுவதும் போயிற்றா, இல்லையா’ என்று மட்டும் கேட்டுவிட்டுப் பதிலை எதிர்பார்த்து நிற்கிறது. இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது, அது நியாயமானதுதானா, நியாயமில்லையெனில் எந்த இடத்தில் திருத்த வேண்டும் என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட விஷயம்.

ஓய்வூதியம் என்றதும் நரைத்த தலையும் 58 அல்லது 60 வயதும் நம் நினைவுக்கு வருகின்றன. சரித்திரத்தைப் பார்த்தால், முதுமையைக் காட்டிலும் இயலாமையே ஓய்வூதியத்தின் மூலகாரணமாக இருந்திருக்கிறது. ஜெர்மனியில் பிஸ்மார்க் காலத்தில், 1889-ஆம் வருஷம் நிறைவேறிய சட்டம் தன் பெயரிலேயே இயலாமையை முன்னும் முதுமையைப் பின்னும் வைத்தது. அச்சட்டப்படி முதுமை ஓய்வூதியம் பெற 70 வயது நிரம்ப வேண்டியிருந்தபடியால், அந்நாளைய தொழிலாளி ஒருவன் அந்த வயதை எட்டுவதற்கு முன்பே உடல் நொடிந்துபோவதுதான் சகஜமாயிருந்தது. உழைத்து உழைத்துத் தேய்ந்த உடலுக்கு ஏதேனும் ஒரு கைம்மாறு செய்ய வேண்டும் என்ற எண்ணமே ஓய்வூதியத்தின் வித்து. வயது என்பது அந்தத் தேய்மானத்துக்கு நாம் வைத்துக்கொண்ட ஓர் உத்தேசமான அடையாளம். இதை மறந்துவிட்டால், 35 வயதில் கையிழந்தவர் பென்ஷன் கேட்பது ஏதோ சலுகை கேட்பது போல் நமக்குத் தோன்றத் தொடங்கிவிடும்.

நம் தேசத்தில் சர்க்கார் உத்தியோகஸ்தருக்கு இத்தகைய ஓய்வூதியம் பழைய காலத்திலிருந்தே இருந்துவருகிறது. மத்திய அரசின் ஓய்வூதிய விதிகளிலும், தமிழ்நாட்டின் 1978-ஆம் ஆண்டு ஓய்வூதிய விதிகளிலும், சரீரத்திலோ மனத்திலோ ஏற்பட்ட நிரந்தரமான தளர்ச்சியால் பணிசெய்ய இயலாமற்போனவரை மெடிக்கல் போர்டு பரிசோதித்துச் சான்றளித்தால் இயலாமை ஓய்வூதியம் அளிப்பதற்கு இடமுண்டு. ஆனால் மத்திய விதிகளில் இந்த உரிமைக்கு வெகுகாலம் ஒரு மதில் இருந்தது. 10 வருஷ சேவை நிரம்பாதவருக்கு மாத ஓய்வூதியம் கிடையாது, ஒரு தொகையைப் பணிக்கொடையாக வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இளவயதில் விபத்துக்கு ஆளானவர், அதாவது மிக நீண்ட காலம் இயலாமையோடு வாழவேண்டியவர் யாரோ அவருக்கே கதவு சாத்தப்பட்டிருந்தது என்பது சற்று யோசித்தால் விளங்கும். 2019 ஜனவரி 4-ஆம் தேதி செய்யப்பட்ட திருத்தம் அந்த மதிலை அகற்றி, 10 வருஷம் நிரம்பாவிடினும் இயலாமை ஓய்வூதியம் உண்டு என்று ஆக்கிற்று. இத்தனை நியாயமான ஒரு திருத்தத்துக்குச் சுதந்திரம் பெற்று 70 வருஷங்களுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது என்பது மனத்தை வருத்தும் செய்தி.

ஆயினும், ஓய்வூதியத்தைக் காட்டிலும் பெரியதான ஓர் உரிமை இதற்குள் பிறந்துவிட்டது. 1996 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த, 1995-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஊனமுற்றோர் சட்டத்தின் 47-ஆம் பிரிவு, பணிக்காலத்தில் ஊனமடைந்த ஊழியரை அரசு ஸ்தாபனம் எதுவும் வேலையைவிட்டு நீக்கவோ பதவியில் தாழ்த்தவோ கூடாது என்று விதித்தது. பழைய வேலையைச் செய்ய முடியாதென்றால் அதே சம்பளத்தில் வேறு வேலை கொடுக்க வேண்டும். ஏற்ற வேலை இல்லையென்றால், தகுந்த இடம் கிடைக்கும் வரையிலோ ஓய்வுபெறும் வயது வரையிலோ கூடுதலாக ஓர் இடத்தை உண்டாக்கி அதில் வைத்துக்கொள்ள வேண்டும். 2016-ஆம் ஆண்டுச் சட்டம், 2017 ஏப்ரல் 19 முதல் பழைய சட்டத்தின் இடத்தைப் பெற்றபோது, ஏழு வகையாயிருந்த ஊனங்களை 21 வகையாக விரித்ததோடு, இந்தப் பாதுகாப்பையும் தன் 20-ஆம் பிரிவில் காப்பாற்றிக்கொண்டது.

இப்பிரிவின் உட்பொருளை நாட்டுக்கு விளக்கியவர்கள் இரண்டு சாமானிய ஊழியர்கள். முதலாமவர் குணால் சிங் என்னும் எல்லைப்புறக் காவலர். பணியில் இடது காலில் பட்ட காயம் அழுகி, காலையே எடுக்க வேண்டி வந்து, 1998-இல் ‘பணிக்குத் தகுதியற்றவர்’ என்று வெளியேற்றப்பட்டார். அவருக்கு இயலாமை ஓய்வூதியம் கொடுத்தாகிவிட்டதே, இனி என்ன குறை என்பது அரசின் வாதம். 2003 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளிவிட்டது. ஓய்வூதிய விதி ஒரு காரியத்துக்கு, ஊனமுற்றோர் சட்டம் வேறொரு காரியத்துக்கு. முன்னதைக் காட்டிப் பின்னதை மறுக்க இயலாது என்பது அத்தீர்ப்பின் சாரம். பென்ஷன் கொடுத்துவிட்டோம் என்ற திருப்தியில் ஒரு மனிதனுடைய உழைக்கும் உரிமையை எடுத்துக்கொள்ளக்கூடாது என்று சொன்ன இந்தத் தீர்ப்பு, என் அபிப்பிராயத்தில், நம் நாட்டு ஓய்வூதியச் சரித்திரத்தில் 1982-இன் நகாரா தீர்ப்புக்கு அடுத்தபடியாக வைத்துப் போற்றத்தக்கது. நகாரா வழக்கு, ஓய்வூதியம் அரசின் தயவு அன்று, ஊழியரின் உரிமை என்று நிலைநாட்டியது. குணால் சிங் வழக்கோ, அந்த உரிமையே வேறோர் உரிமையை விழுங்கும் கருவியாகிவிடக்கூடாது என்று காவல் செய்தது.

இரண்டாமவர் கதை இன்னும் உருக்கமானது. அது நம் ஆரணிக்கு நெருக்கமானதும் கூட, ஏனெனில் அவரும் மின்சார வாரியத்து ஊழியர்தாம். பஞ்சாப் மின்வாரியத்தில் லைன்மேன் வரிசையில் பணியாற்றிய பகவான் தாஸ் 1994-இல் இரு கண்களின் பார்வையையும் முற்றும் இழந்தார். இரண்டு வருஷங்களுக்கு மேல் தத்தளித்துவிட்டு, 1996-இல் மேலதிகாரிகளுக்கு ஒரு கடிதம் எழுதினார்: தமக்குக் கண் தெரியவில்லை, வேலை செய்ய முடியவில்லை, தம்மை ஓய்வுபெறச் செய்து தம் மனைவிக்கு ஏதேனும் ஒரு வேலை கொடுத்துதவ வேண்டும் என்பது அதன் கருத்து. வாரியம் அக்கடிதத்தின் முதற்பாதியை மட்டும் ஏற்று, 1997-இல் அவரை ஓய்வுபெறச் செய்தது. மனைவிக்கு வேலை இல்லை. பிற்பாடு அவர் நீதிமன்றத்தை நாடியபோது, ‘அவராகவே விருப்ப ஓய்வு கேட்டார், கொடுத்தோம்’ என்று வாரியம் பதில் சொல்லிற்று. 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தப் பதிலைக் கடிந்துகொண்டது. சட்டம் தமக்கு என்ன பாதுகாப்பைத் தந்திருக்கிறது என்று அறியாத கடைநிலை ஊழியர் ஒருவர், திகைப்பினால் எழுதிய கடிதத்தை அவருக்கு எதிராகப் பிரயோகிக்கலாகாது. சட்டம் அறிந்த அதிகாரிகள் அவருக்கு அதை எடுத்துச்சொல்லியிருக்க வேண்டும் என்று கூறி, ஓய்வுபெறும் வயது வரையில் அவர் பணியில் இருந்ததாகவே பாவித்து எல்லாப் பலன்களையும் அளிக்கும்படி உத்தரவிட்டது. பார்வை போனது 1994. நியாயம் வந்தது 2008. இடையிலிருந்த 14 வருஷங்களை எந்த உத்தரவும் திருப்பிக் கொடுத்துவிட முடியாது.

தமிழ்நாட்டில் இப்பிரிவு அதிகமாகப் பரீட்சைக்கு உள்ளானது போக்குவரத்துக் கழகங்களில்தான். பஸ் ஓட்டுநருக்கு நிறக்குருடு இருப்பதாக மருத்துவப் பரிசோதனையில் தெரியவந்தால் ஸ்டியரிங்கைத் தொடவிடக்கூடாது. அது பிரயாணிகளின் உயிர் சம்பந்தப்பட்ட காரியம், அதில் விவாதமில்லை. ஆனால் ஓட்டத் தகுதியில்லாதவருக்குப் பணிமனையில் வேறு வேலையே இல்லையா? மதுரைக் கோட்டத்து ஓட்டுநர் ஒருவரின் வழக்கில் 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம், நிறக்குருடு சட்டத்தின் ஊனப் பட்டியலில் இல்லையென்ற காரணத்தால் மாற்றுப் பணியை மறுக்க இயலாது என்று தீர்ப்பளித்தது. தெலுங்கானாவிலும் இதே கேள்வி எழுந்து, 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் ஓட்டுநரின் பக்கமே நின்றது. டெப்போக்களில் ‘லைட் டியூட்டி’ என்று சொல்வார்களே, அது மேலாளர் மனமிரங்கிக் கொடுக்கும் உபகாரமாக வெகுநாள் கருதப்பட்டுவந்தது. இத்தீர்ப்புகளின் பலனாக அது கேட்டுப் பெறவேண்டிய நியாயம் ஆயிற்று.

ஆகவே, நம்முடைய கற்பிதமான நால்வரில் மின்வாரிய ஊழியரும் பஸ் ஓட்டுநரும் கையிழந்தபோதிலும் உத்தியோகத்தை இழக்கமாட்டார்கள். அவர்களுக்குச் சம்பளம் உண்டு, பதவி உயர்வும் மறுக்கப்படாது, வயது வந்தபின் ஓய்வூதியமும் உண்டு. அவர்கள் 2003 ஏப்ரல் 1-க்கு முன் சேர்ந்தவர்களா, பின் சேர்ந்து பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்துக்குள் விழுந்தவர்களா என்பதைப் பொறுத்துக் கடைசிக் கணக்கு வெகுவாக மாறும். அது தனியே எழுதவேண்டிய பெரிய விஷயமாதலால் இங்கே விரிக்கவில்லை.

இனி, சிப்காட்டில் பிரஸ் மிஷின் முன்னே நிற்கிற மூன்றாவது மனிதரிடம் வருவோம். தகட்டை அச்சுக்குள் வைத்துக் கையை எடுப்பதற்கும், மேலேயிருந்து பல டன் பாரம் இறங்குவதற்கும் இடையே உள்ள அவகாசம் கண்ணிமைக்கும் நேரம். இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை ஒருங்கே அழுத்தினால்தான் இயந்திரம் இறங்க வேண்டும் என்பது பாதுகாப்பு ஏற்பாடு. உற்பத்திக் கணக்கின் நெருக்கடியில் ஒரு பொத்தானைக் கட்டிவைத்துவிட்டு ஒரு கையால் வேலை செய்யும் வழக்கம் எங்கெங்கே உண்டோ, அங்கெல்லாம் விரல்கள் போகின்றன. இந்தத் தொழிலாளி மாதம் 21,000 ரூபாய்க்கு மேற்படாத சம்பளம் பெறுபவராயின், இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டத்தில் சேர்ந்தவர். சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாய் அவரும், மூன்றேகால் ரூபாய் முதலாளியும் அதற்குச் செலுத்துகிறார்கள். கூடவே பி.எஃப். எனப்படும் வைப்பு நிதியிலும் அவர் உறுப்பினர். அதில் முதலாளி கட்டும் பங்கிலிருந்து நூற்றுக்கு 8.33 வீதம் பிரிந்து, 1995 நவம்பர் 16-இல் தொடங்கிய தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது. (இவ்விரண்டுக்கும் ஆதாரமான பழைய சட்டங்கள் 2020-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்டு, அத்தொகுப்பு 2025 நவம்பர் 21-இல் அமலுக்கு வந்திருக்கிறது. நான் சுட்டும் பிரிவு எண்கள் பழைய சட்டங்களைச் சேர்ந்தவை.)

முதலில் இ.எஸ்.ஐ. எப்படி அளக்கிறது என்று பார்க்கலாம். 1948-ஆம் வருஷத்துச் சட்டத்தின் பின்னிணைப்பாக ஒரு பட்டியல் உண்டு. அதை முதன்முறை வாசிப்பவர்களுக்கு உடம்பு கூசும். மனித சரீரம் அங்கே அங்கம் அங்கமாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றின் எதிரிலும் நூற்றுக்கு இத்தனை என்று ஓர் எண் எழுதப்பட்டிருக்கும். இரு கைகளும் போனால் 100. ஒரு கையின் ஐந்து விரல்களும் போனால் 60. கட்டைவிரல் நீங்கலாக நான்கும் போனால் 50. கட்டைவிரல் மட்டும் போனால் 30. ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14. சம்பாதிக்கும் சக்தியில் இத்தனை பங்கு நஷ்டமென்று மெடிக்கல் போர்டு தீர்மானித்ததும், அன்றாடச் சராசரிக் கூலியில் நூற்றுக்கு 90 என்ற முழு விகிதத்தில் அந்தப் பங்கைக் கணக்கிட்டு ஆயுட்காலம் முழுவதும் கொடுத்துவருவார்கள். நாட்கூலி 600 ரூபாய் என்றால் முழு விகிதம் 540. நான்கு விரல்களை இழந்தவருக்கு அதில் பாதி, நாளொன்றுக்கு 270 ரூபாய். அவர் அதே கம்பெனியில் வேலையைத் தொடர்ந்தாலும், வேறிடம் போய்ச் சம்பாதித்தாலும் இத்தொகை நிற்பதில்லை. இதைப் பெறுவதற்கு இத்தனை வருஷம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே விபத்து நேர்ந்தாலும் உரிமை உண்டு. வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்துகளையும் 2010-ஆம் வருஷத்துத் திருத்தம் இதற்குள் சேர்த்திருக்கிறது. போர்டின் முடிவு தவறென்று பட்டால் மருத்துவ மேல்முறையீட்டு மன்றமும், தொழிலாளர் ஈட்டுறுதி நீதிமன்றமும் இருக்கின்றன. விரலுக்கு விலை போடுவது கொடுமையாகத் தோன்றினும், படிப்படியாக அளக்கிற காரணத்தால் இம்முறையில் யாரும் முற்றிலும் வெறுங்கையோடு திருப்பி அனுப்பப்படுவதில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஓய்வூதியத் திட்டத்தின் தராசோ வேறு ஜாதி. அதன் 15-ஆவது பத்தி, பணிக்காலத்தில் நிரந்தரமாகவும் முழுமையாகவும் இயலாமை அடைந்த உறுப்பினருக்கு, 10 வருஷ சேவை என்ற பொது நிபந்தனையைத் தளர்த்தி, ஒரே ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலும் போதும் என்று சொல்லி ஆயுள்கால ஓய்வூதியம் அளிக்கிறது. இயலாமை தொழிற்சாலைக்குள் நேர்ந்ததா, வெளியே நேர்ந்ததா என்றும் அது கேட்பதில்லை. பக்கவாதத்தில் விழுந்தவருக்கும், ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் அடிபட்டவருக்கும் அதில் இடமுண்டு. இவ்வளவு தூரம் தாராளமாக வந்த திட்டம், ‘முழுமையாக’ என்ற ஒரு நிபந்தனையில் வந்து தன் கையை மூடிக்கொள்கிறது. பாதி இயலாமைக்குப் பாதி ஓய்வூதியம் என்பது அதில் கிடையாது. முழுவதும் அல்லது ஒன்றுமில்லை.

அந்த முழுமையை எதைக்கொண்டு தீர்மானிப்பது என்பதிலும் திட்டம் தெளிவாயில்லை. சொல்விளக்கம் தருகிற தொடக்கப் பகுதி, இயலாமை நேர்ந்த காலத்தில் அவரால் செய்யக்கூடியதாயிருந்த எல்லா வேலைக்கும் அவர் தகுதியற்றவராக வேண்டும் என்கிறது. மருத்துவப் பரிசோதனையைப் பற்றிப் பேசும் 15-ஆவது பத்தியோ, அச்சமயம் அவர் செய்துகொண்டிருந்த வேலைக்கு நிரந்தரமாகத் தகுதியற்றவரா என்று மெடிக்கல் போர்டு கண்டறிய வேண்டும் என்கிறது. இரண்டுக்கும் இடையே ஒரு மனிதனின் வாழ்க்கையே அடங்கும். வலது கையில் நான்கு விரல்களை இழந்தவர் பிரஸ் மிஷினில் இனி நிற்க முடியாது. அவர் செய்துகொண்டிருந்த வேலைக்கு அவர் நிச்சயமாகத் தகுதியற்றவர். ஆனால் கேட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து வண்டி எண்களைக் குறித்துக்கொள்ள அவரால் முடியுமே என்று ஒரு வைத்தியர் கருதினால், எல்லா வேலைக்கும் தகுதியற்றவர் என்ற அளவுகோலில் அவர் தோற்றுப்போவார். அந்த நாற்காலி வேலையை அவருக்குக் கொடுப்பார் யார், அதில் சம்பளம் என்ன என்ற கேள்விகள் மெடிக்கல் போர்டின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. 2025 நவம்பர் வரை அமலிலிருந்த, 1972-ஆம் வருஷத்துப் பணிக்கொடைச் சட்டம் இவ்விஷயத்தில் எவ்வளவோ தெளிவாயிருந்தது: விபத்துக்கோ வியாதிக்கோ முன்பு ஒருவர் செய்யவல்லவராயிருந்த வேலைக்கு இனி இயலாதவராகிவிட்டால், ஐந்து வருஷ சேவை நிரம்பாவிட்டாலும் பணிக்கொடை உண்டு என்று அது நேராகச் சொல்லிவிட்டது.

வெற்றி பெற்றவருக்குக் கிடைக்கும் தொகையையும் பார்க்க வேண்டும். ஓய்வூதியத்துக்குரிய சம்பளத்தைச் சேவை வருஷங்களால் பெருக்கி 70-ஆல் வகுப்பது கணக்கு. சம்பளத்துக்கு 2014 செப்டம்பர் 1 முதல் உள்ள உச்சவரம்பு 15,000 ரூபாய். அந்த உச்சவரம்பிலேயே ஏழு வருஷம் சந்தா கட்டியவர் இரு கைகளையும் இழந்தால் மாதம் 1,500 ரூபாய். இரண்டே வருஷம் கட்டியவருக்குக் கணக்குப்படி 430 ரூபாயும் தேறாது. ஆதியில் 250 ரூபாயாயிருந்து, 2014-இல் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்ட குறைந்தபட்சத் தொகைதான் அவரைத் தாங்க வேண்டும். இளவயதில் இயலாமை அடைந்தவருக்குச் சேவை வருஷங்கள் குறைவாயிருப்பது இயற்கை. அந்தக் குறைவையே பெருக்குத்தொகையாக வைத்துக் கணக்குப் போடும் முறை, அதிக உதவி தேவைப்படுகிறவருக்கே குறைந்த உதவியைச் செய்கிறது. பணியிடத்தில் விபத்து நேர்ந்தவருக்கு இ.எஸ்.ஐ. தொகை ஆறுதலாயிருக்கும், வியாதியால் விழுந்தவருக்கு அந்த ஆயுள்காலத் துணையும் கிடையாது.

உத்தியோகப் பாதுகாப்பிலோ, இந்த மூன்றாவது மனிதருடைய நிலை இன்னும் பலவீனமானது. தற்காலிக இயலாமைக்காக இ.எஸ்.ஐ. பணம் பெற்றுக்கொண்டிருக்கும் நாட்களில் அவரை வேலைநீக்கம் செய்யக்கூடாது என்று 1948-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 73-ஆம் பிரிவு காவல் செய்தது. காயம் ஆறி, இயலாமை நிரந்தரமென்று முடிவான அன்றே அக்காவல் நீங்கிவிடும். ஊனமுற்றோர் சட்டத்தின் 20-ஆம் பிரிவோ அரசு ஸ்தாபனங்களோடு நின்றுவிடுகிறது. 2025 நவம்பர் வரை அமலிலிருந்த தொழில் தகராறுச் சட்டத்தை நாடினாலும், இடைவிடாத உடல்நலக் குறைவின் காரணமாக ஒருவரை நீக்குவது ஆட்குறைப்பு ஆகாது என்று அச்சட்டம் விலக்களித்திருந்ததால், ஆட்குறைப்புக்குரிய நஷ்டஈட்டையும் கேட்க முடியாதிருந்தது. ஓர் உறுப்பைத் தொழிலுக்குக் கொடுத்துவிட்டு நிற்பவரிடம், உடல்நலம் குன்றியவர் என்று சொல்லி, செட்டில்மென்ட் கையெழுத்து வாங்குவதற்குச் சட்டத்தில் இவ்வளவு இடம் இருப்பது என் மனத்துக்குச் சிறிதும் சம்மதமாயில்லை.

நான்காமவர் கான்ட்ராக்ட் ஆள். சட்டப்படி அவருக்கும் மூன்றாமவருக்கும் ஓய்வூதியத்திலும் ஈட்டுறுதியிலும் வேற்றுமை கிடையாது. ஒப்பந்தக்காரர் சந்தா கட்டத் தவறினாலும், ஆலையின் உரிமையாளரே முதன்மைப் பொறுப்பாளராகக் கட்டிவிட்டு ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. நடைமுறையில் அவருடைய பெயர் எந்தக் கம்பெனியின் கீழ் இருக்கிறது, நேற்று வரை வேறோர் ஒப்பந்தக்காரரிடம் இருந்த கணக்கு இன்று எங்கே போயிற்று, அட்டையில் உள்ள பிறந்த தேதியும் ஆதாரில் உள்ள தேதியும் ஒத்துப்போகின்றனவா என்ற கேள்விகளிலேயே மாதங்கள் கரைந்துபோகும். பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்து, இங்குள்ள பாஷை தெரியாமல், அடிபட்டதும் ஊருக்கு ரயிலேற்றி அனுப்பப்படுகிறவருக்கு இந்த உரிமைகள் இருப்பதே தெரியாது. பகவான் தாஸுக்குச் சட்டத்தை எடுத்துச்சொல்லக் கடமைப்பட்ட அதிகாரி ஒருவராவது இருந்தார். இவருக்கு அப்படி ஒருவரைச் சட்டமே நியமிக்கவில்லை.

வேறு வழி இல்லாமலில்லை. நம் தமிழ் மக்கள் பல லட்சம் பேர் வாழ்கிற மலேசியாவில், 1969-ஆம் வருஷத்துச் சட்டத்தின் கீழ் பெர்கேசோ என்ற ஸ்தாபனம் நடத்திவரும் இயலாமை ஓய்வூதியம், ‘முழுவதும் போயிற்றா’ என்று கேட்பதில்லை. நல்ல உடல்நிலையிலுள்ள ஒரு தொழிலாளி வழக்கமாகச் சம்பாதிப்பதில் மூன்றில் ஒரு பங்காவது இவரால் இனிச் சம்பாதிக்க முடியுமா என்று கேட்கிறது. முடியாதென்றால் அவர் இயலாதவர். ஓய்வூதியமும் சராசரிச் சம்பளத்தில் பாதியிலிருந்து தொடங்கி, சந்தா கட்டிய காலத்துக்கேற்ப நூற்றுக்கு 65 வரை ஏறுகிறது. நம் நாட்டிலேயே, பணி காரணமாக ஊனமுற்ற மத்திய சர்க்கார் ஊழியருக்கான விசேஷ ஓய்வூதியத்தில், 50 சதவீதத்துக்கு உட்பட்ட ஊனத்தை 50 ஆகவும், அதற்கு மேல் 75 வரையுள்ளதை 75 ஆகவும், அதற்கும் மேற்பட்டதை 100 ஆகவும் எடுத்துக்கொண்டு ஊழியருக்குச் சாதகமாகக் கணக்கிடும் முறை இருந்துவருகிறது. இ.எஸ்.ஐ. பட்டியல் இருக்கிறது, அதை அளக்கும் மெடிக்கல் போர்டுகளும் இருக்கின்றன. ஆகவே தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்திலும் இயலாமையைப் படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் ஒரு பங்கு ஓய்வூதியம் என்று ஏற்படுத்துவதற்குப் புதிய சாஸ்திரம் எதுவும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. சேவை வருஷங்களைக் கணக்கிடும்போது, இயலாமை நேர்ந்த நாள்வரை என்று நில்லாமல், 58 வயது வரை அவர் உழைத்திருப்பார் என்று பாவித்துக் கூட்டிக்கொள்வதும் நியாயமே. பகவான் தாஸ் தீர்ப்பு ஒரு தனி மனிதருக்குச் செய்ததும் ஏறக்குறைய இதுதான். இதற்குப் பணம் வேண்டும் என்பார்கள், வேண்டியதுதான். முதலாளியின் 8.33 சதவீதத்தோடு மத்திய அரசு சேர்க்கும் பங்கு 1.16 சதவீதம், நாடு இத்தனை செல்வம் பெருக்கியிருக்கும் இக்காலத்தில் அந்தப் பங்கு உயர்வதைப் பற்றிப் பேசுவது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

ஊனமுற்றோர் சட்டத்தின் 20-ஆம் பிரிவைத் தனியார் ஆலைகளுக்கும் விஸ்தரிக்கலாமா என்பது இதைவிடக் கடினமான கேள்வி. பத்துப் பேர் வேலைசெய்யும் பட்டறையில் கூடுதலாக ஓர் இடம் உண்டாக்கு என்று கட்டளையிடுவது நடவாத காரியம். ஆனால் பல நூறு பேரை வைத்து நடத்தும் ஆலையில், தன் இயந்திரத்தில் கையிழந்தவருக்கு ஸ்டோர்ஸிலோ தரப் பரிசோதனையிலோ ஓர் இடம் கொடு என்பது அளவுக்கு மிஞ்சிய கோரிக்கையல்ல. ஆட்களின் எண்ணிக்கையை அளவுகோலாக வைத்து எத்தனையோ சட்டங்களை அமல்படுத்துகிற நமக்கு, இதிலும் ஓர் எல்லை வகுப்பது அசாத்தியமன்று.

கடைசியாக, உறுப்பினர்களில் பெரும்பாலோர் கவனியாமல் விட்டுவிடும் ஒரு ஷரத்து இருக்கிறது. தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில், உறுப்பினர் இறந்தால் பிள்ளைகளுக்கு 25 வயது வரையில்தான் ஓய்வூதியம். ஆனால் நிரந்தரமாகவும் முழுமையாகவும் இயலாமையுள்ள மகனோ மகளோ இருந்தால், வயது வரம்பின்றி, இத்தனை பிள்ளைகளுக்குத்தான் என்ற எண்ணிக்கை வரம்புமின்றி, ஆயுள் முழுதும் அது கிடைக்கும். அரசு ஊழியர் குடும்ப ஓய்வூதியத்திலும் இதற்கு ஒப்பான ஏற்பாடு உண்டு. இதற்கு வேண்டியதெல்லாம், தாயோ தகப்பனோ உயிரோடும் பணியோடும் இருக்கும்போதே அப்பிள்ளையின் பெயரைக் குடும்ப விவரத்தில் சேர்த்து, இயலாமைச் சான்றிதழைப் பெற்று வைப்பதுதான். ஆரணியிலிருந்து சிப்காட்டுக்குப் போகும் எந்தத் தொழிலாளியும் இதை அடுத்த மாதத்துக்கு ஒத்திப்போட வேண்டாம். தொழிற்சங்கங்களும், கம்பெனிகளின் பணியாளர் அலுவலகங்களும் புதிதாகச் சேருகிறவரிடம் வங்கிக் கணக்கு எண்ணைக் கேட்கும் அந்த வேளையிலேயே இதையும் கேட்டு எழுதிக்கொள்ளலாம்.